கையைக் குறை சொல்லும் முன் கன்ட்ரோலரைச் சோதியுங்கள்

விலை குறைந்த வயர் கன்ட்ரோலர் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் நேராக ஒரு கேமைத் திறந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் ஓடிப் பார்ப்பது, நாலு பேரைச் சுட்டுப் பார்ப்பது, "சரி, வேலை செய்யுது" என்று அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவது. அதற்கப்புறம்தான் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கேமை வைத்துக் கன்ட்ரோலரைச் சோதிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. கன்ட்ரோலர் அனுப்பும் தகவலைக் கேம் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நடுவைக் கொஞ்சம் வெட்டி, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, சில கேம்களில் குறியை எதிரியின் பக்கம் தானே இழுத்து, அதன் பிறகே திரையில் காட்டுகிறது.

எவ்வளவு வெட்டுகிறது என்று ஒரு கணக்கு பார்ப்போம். கன்ட்ரோலர் விண்டோஸிடம் பேசும் முறைகளில் ஒன்று எக்ஸ்இன்புட். அதில் ஸ்டிக்கை (கட்டைவிரலால் தள்ளும் குட்டிக் குச்சியை) வலது பக்கம் முழுக்கத் தள்ளினால் வரும் எண் 32767. கையை எடுத்துவிட்டால் 0 வர வேண்டும். எந்த ஸ்டிக்கும் துல்லியமாக 0-வில் போய் நிற்காது, கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். அதனால் நடுவைச் சுற்றி ஒரு எல்லை வைத்து, அதற்குள் வரும் அசைவைக் கேம் கண்டுகொள்ளாமல் விடும். இதுதான் டெட்ஸோன். மைக்ரோசாஃப்ட் கேம் எழுதுபவர்களுக்குப் பரிந்துரையாகக் கொடுத்திருக்கும் அளவு இடது ஸ்டிக்குக்கு 7849, வலது ஸ்டிக்குக்கு 8689. முழு வீச்சில் ஏறக்குறைய கால்வாசி! ஒரு கேம் இந்த எண்ணை அப்படியே வைத்திருந்தால், நடுவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கும் மோசமான ஸ்டிக்கூட அதில் ஒழுங்காகத் தெரியும். அடுத்த கேமில் டெட்ஸோன் சின்னதாக இருக்கும். அங்கே போனதும் கேமரா தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. மலிவான கன்ட்ரோலர் என்பது பலருக்கு வாழ்க்கையின் முதல் கன்ட்ரோலர். கையும் புதுசு, கருவியும் புதுசு. குறி தவறும்போது தப்பு எங்கே என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. "எனக்கு கன்ட்ரோலர் செட் ஆகல" என்று சொல்லிவிட்டுக் கீபோர்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் தங்களுக்குத் திறமை இல்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டிக்கின் குறை ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையில் கை வைப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அரை மணி நேரம் சோதித்தால் கை எது, கருவி எது என்று தெளிவாகிவிடும்.

பணம் குறைவு என்றால் வயர் கன்ட்ரோலர்தான் சரியான தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேட்டரி கிடையாது, ரேடியோ சிப் கிடையாது, சார்ஜ் செய்யும் சுற்று கிடையாது. அதற்குப் போகும் காசு ஸ்டிக்குக்கும் பட்டனுக்கும் போக வாய்ப்பிருக்கிறது. சிக்னல் விட்டுவிட்டு வருகிறதோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

செருகும் முன் ஒருமுறை காதருகே வைத்துக் குலுக்குங்கள். அதிர்வு மோட்டாரின் எடை லேசாக ஆடும் சத்தம் வரலாம், பரவாயில்லை. தளர்ந்த திருகு உருளும் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கேபிள் உடலுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் கழுத்து இருக்கிறதா, அதை மெல்ல அசைத்தால் உள்ளே வழுக்குகிறதா என்று பாருங்கள். வயர் கன்ட்ரோலர் செத்துப் போவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். சோதனைக்கு நீட்டிப்பு வயர், ஹப் எதுவும் வேண்டாம், கணினியின் யுஎஸ்பி போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கணினி அந்தக் கன்ட்ரோலரை யார் என்று நினைக்கிறது? மலிவுக் கன்ட்ரோலர் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். விண்டோஸில் கன்ட்ரோலர் பேச இரண்டு பாஷைகள் உண்டு. டைரக்ட்இன்புட் பழையது, தொண்ணூறுகளில் வந்தது. எக்ஸ்இன்புட் 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ ஒட்டி வந்தது. டைரக்ட்இன்புட்டில் கன்ட்ரோலர் "என்னிடம் இத்தனை பட்டன், இத்தனை அச்சு" என்று மட்டும் சொல்லும். அச்சு என்றால் ஸ்டிக் நகரும் ஒரு கோடு: இடது-வலது ஒன்று, மேல்-கீழ் ஒன்று. எது ஏ, எது பி, எது வலது ஸ்டிக் என்று சொல்லாது. எக்ஸ்இன்புட்டில் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் இன்றைய பிசி கேம்கள் பெரும்பாலும் எக்ஸ்இன்புட்டையே எதிர்பார்க்கின்றன.

பல மலிவுக் கன்ட்ரோலர்கள் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரின் அடையாள எண்ணையே சொல்லி உள்ளே நுழைகின்றன. சாதனப் பட்டியலில் வாங்கிய பிராண்டின் பெயருக்குப் பதிலாக எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் என்று வந்தால் பயப்பட வேண்டாம். போலியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். டிரைவர் எதுவும் தனியாகப் போடாமல் வேலை செய்வதற்கான வழி அது. மாறாக, வெறுமனே யுஎஸ்பி கேம்பேட் அல்லது ஜாய்ஸ்டிக் என்று வந்தால் அது டைரக்ட்இன்புட் பாஷை பேசுகிறது. அப்போது வரும் அறிகுறிகளும் ஒரே மாதிரிதான். குதிக்க வேண்டிய பட்டன் மெனுவைத் திறக்கும். வலது ஸ்டிக்கை மேலே தள்ளினால் கேமரா பக்கவாட்டில் போகும். சில கேம்கள் கன்ட்ரோலர் இருப்பதையே கவனிக்காது. கருவியில் எந்தப் பழுதும் இருக்காது. மோட் மட்டும்தான் தப்பு.

மோட் மாற்றும் வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. லாஜிடெக் எஃப்310-இல் முதுகுப் பக்கம் எக்ஸ், டி என்று நகர்த்தும் சுவிட்சே இருக்கிறது, இருப்பதிலேயே தெளிவான ஏற்பாடு. மற்ற பலவற்றில் நடு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருக வேண்டும். கூடவே வரும் சின்னத் தாளில் அது பொடி எழுத்தில் இருக்கும். அந்தத் தாளை முதலில் செல்போனில் படம் எடுத்துவையுங்கள், அப்புறம் எப்போது தேடினாலும் கிடைக்காது. எஃப்310-இல் மோட் என்ற பட்டனும் தனியாக உண்டு. அதை அழுத்தினால் இடது ஸ்டிக்கும் டிபேடும் (நாலு திசைக் குறுக்குப் பட்டன்) இடம் மாறிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். பழைய பிளேஸ்டேஷன் வடிவக் கன்ட்ரோலர்களில் அனலாக் என்ற பட்டன் இதே போல. சிவப்பு விளக்கு அணைந்திருந்தால் இடது ஸ்டிக் வெறும் டிபேடாக வேலை செய்யும். மெல்லத் தள்ளினாலும் முழு வேகத்தில் ஓடுகிறான் என்ற புகார் வந்தால் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள்.

இன்னொரு விசித்திரம். எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரை டைரக்ட்இன்புட் வழியாகப் படிக்கும் பழைய கேம்களில் இரண்டு ட்ரிகரும் (ஆள்காட்டி விரல் அழுத்தும் பின்பக்கப் பட்டன்கள்) ஒரே அச்சில் வந்து சேரும். ஒன்று கூட்டும், மற்றது கழிக்கும். கார் ஓட்டும் கேமில் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால் விடை சைபர், கார் இரண்டையுமே கேட்காது. மைக்ரோசாஃப்டின் டிரைவர் அந்தப் பாஷையில் ட்ரிகர்களைக் காட்டும் விதம் அது. எத்தனை விலை உயர்ந்த எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரை மாட்டினாலும் அங்கே அப்படித்தான் இருக்கும்.

பிசிக்கு என்று வாங்கியதை எக்ஸ்பாக்ஸிலோ பிளேஸ்டேஷன் 5-இலோ செருகி ஏமாற வேண்டாம். அங்கே உரிமம் பெற்ற கருவிதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. ஆண்ட்ராய்டு செல்போனில் ஓடிஜி இணைப்பு (செல்போனில் யுஎஸ்பி கருவியைச் செருக உதவும் சின்ன இணைப்பான்) வைத்துச் செருகினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும்.

சோதிக்க எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இன்றைய பிரவுசர்களுக்குள்ளேயே கன்ட்ரோலரைப் படிக்கும் வசதி இருக்கிறது, அதை வைத்து எழுதப்பட்ட கேம்பேட் டெஸ்டர் பக்கங்கள் பல உண்டு. பக்கத்தைத் திறந்ததும் ஒன்றுமே தெரியாது. ஏதாவது ஒரு பட்டனை அழுத்திய பிறகுதான் பிரவுசர் கன்ட்ரோலரைக் காட்டும். நாம் தொடும் வரை இணையதளங்களுக்கு அது தெரியக்கூடாது என்ற பாதுகாப்பு ஏற்பாடு அது. ஸ்டாண்டர்ட் என்ற வார்த்தையோடு நாலு அச்சும் பதினேழு பட்டனும் வந்தால் கன்ட்ரோலரைப் பிரவுசர் முழுமையாகப் புரிந்துகொண்டது என்று பொருள். டிபேட் பட்டனாக வராமல் ஏதோ ஒரு அச்சில் விநோதமான எண்ணாக வந்தால் மறுபடியும் மோட் பிரச்சினைதான். விண்டோஸின் பழைய கன்ட்ரோலர் சோதனைப் பெட்டியும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும். லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட் என்ற கருவி போதும்.

பக்கம் திறந்ததும் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பெரும்பாலும் அச்சுகளின் எண் 0.00000 என்று இருக்காது. பலருக்கு 0.00392 என்று வரும். இந்த எண்ணைப் பார்த்து டிரிஃப்ட் (தொடாமலேயே ஸ்டிக் நகர்வதாகக் காட்டும் பழுது) என்று பதறுபவர்கள் நிறையப் பேர். ஆனால் அதில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. மலிவான பல கன்ட்ரோலர்கள் ஸ்டிக்கின் நிலையை எட்டு பிட்டில் அளக்கின்றன, அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். 0-க்கும் 255-க்கும் நடு 127.5. அப்படி ஒரு படியே கிடையாது. ஸ்டிக் நடுவில் நிற்கும்போது கன்ட்ரோலர் 128 என்று சொல்லும். அதை மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரையான அளவுக்கு மாற்றினால் விடை 0.00392. உங்கள் ஸ்டிக் சொல்லக்கூடிய மிகச் சரியான நடு அதுதான். அதே இடத்தில் அசையாமல் நின்றால் சந்தோஷப்படுங்கள், கூடவே உங்கள் கன்ட்ரோலர் எட்டு பிட்டுக்காரன் என்ற தகவலும் கையில் கிடைத்துவிட்டது.

கையை எடுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஸ்டிக்கை இடது ஓரம் வரை கொண்டுபோய் மெல்லத் திரும்ப விடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வலது, மேல், கீழ். நாலு தடவையும் நாலு எண் வரும். இந்த நாலுக்கும் உள்ள இடைவெளிதான் ஸ்டிக்கின் உண்மையான தரம். எங்கிருந்து விட்டாலும் 0.03-க்குள் வந்து நின்றால் அருமை. 0.08 வரை இருந்தால் சமாளிக்கலாம். ஒரு பக்கத்திலிருந்து விடும்போது மட்டும் 0.15, 0.2 என்று தங்கிவிட்டால் உள்ளே ஸ்பிரிங் சரியாக இழுக்கவில்லை, வாங்கிய அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே போல ஸ்டிக்கை ஓரம் வரை இழுத்துச் சட்டென்று விட்டும் பாருங்கள். தளர்ந்த ஸ்டிக் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும். வலது பக்கம் பார்த்து நிற்க வேண்டிய ஆள் திடீரென்று இடது பக்கம் திரும்பி அடிப்பது இதனால்தான். சண்டை கேம் ஆடுபவர்கள் ஸ்னாப்பேக் என்று சொல்வார்கள்.

அடுத்த சோதனை எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. ஸ்டிக்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு முடிந்த அளவு மெதுவாக நகர்த்துங்கள், கண் எண்ணில் இருக்கட்டும். நல்ல ஸ்டிக்கில் எண் படிப்படியாக ஏறும். மலிவானவற்றில் இரண்டு தந்திரங்கள் வெளிப்படும். ஒன்று, ஸ்டிக் நகர்வது விரலுக்குத் தெரிகிறது, எண் மட்டும் சைபரிலேயே நிற்கிறது, அப்புறம் ஒரே தாவலில் 0.15-க்கு மேல் போகிறது. டிரிஃப்டை மறைக்க உற்பத்தியாளரே ஃபர்ம்வேரில் (கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில்) டெட்ஸோன் வைத்திருக்கிறார். நாலு பக்கமிருந்தும் விட்டுப் பார்த்தபோது அச்சுகள் அசைவே இல்லாமல் சைபரில் நின்றிருந்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது, ஸ்டிக் இன்னும் பாதி தூரம்தான் போயிருக்கும், எண் அதற்குள் 1.00 ஆகிவிடும். மீதித் தூரம் வீண். இந்த இரண்டும் ஒரே கன்ட்ரோலரில் இருந்தால் விரலுக்கு உண்மையில் கிடைப்பது நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும்தான். மெல்ல நடக்க முடியாது, தூரத்தில் இருப்பவனை நுணுக்கமாகக் குறி வைக்க முடியாது. எவ்வளவு பழகினாலும் கை அதை மீற முடியாது. தகவலே அனுப்பப்படவில்லை என்றால் எந்த செட்டிங்கும் அதை மீட்டுத் தராது.

பிறகு ஸ்டிக்கை ஓரத்தை ஒட்டி முழு வட்டம் சுற்றுங்கள். சில சோதனைப் பக்கங்கள் அந்தப் பாதையை வரைந்து காட்டும். சரியாக மூலை விட்டத்தில் தள்ளும்போது இரண்டு அச்சும் 0.71-ஐ ஒட்டி வந்தால் அது வட்டம். இரண்டுமே 1.00 ஆனால் பாதை சதுரம். சதுரத்தின் மூலை நடுவிலிருந்து 1.41 தூரம், சில கேம்களில் சாய்வாக ஓடுபவன் நேராக ஓடுபவனை முந்துவான். வட்டம் கொஞ்சம் உப்பியிருந்தால் நான் கவலைப்படுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் சப்பையாக, 0.85-க்கு மேல் போகவே மாட்டேன் என்று நின்றால்தான் கவலை. அந்தத் திசையில் மட்டும் ஓட்டமே வராது.

ஸ்டிக் ஏன் இப்படியெல்லாம் செய்கிறது? பெரும்பாலானவற்றின் உள்ளே அச்சுக்கு ஒன்றாக இரண்டு பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் பூசிய பாதை மேல் ஒரு சிறு உலோக முனை உரசிக்கொண்டே போகும், எங்கே தொடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். உரசினால் தேயும், தேய்ந்த தூள் பாதையிலேயே கிடக்கும், எண் நடுங்கும். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உரசல் இல்லை. ஒரு காந்தம் நகரும், சென்சார் அதன் புலத்தைத் தொடாமலேயே அளக்கும். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு. 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரிலேயே இதைப் பயன்படுத்தினார்கள். இப்போது விலை குறைந்த வயர் கன்ட்ரோலர்களிலும் ஹால் ஸ்டிக் வருகிறது, டிஎம்ஆர் என்ற இன்னொரு காந்த வகையும் வருகிறது. கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டியில் அந்த வார்த்தை இருக்கிறதே என்று சோதனையை விட்டுவிடாதீர்கள். உரசித் தேயாது என்பது மட்டும்தான் அதன் உத்தரவாதம். ஸ்பிரிங் தளர்வு, ஃபர்ம்வேர் டெட்ஸோன், கோணல் வட்டம் எல்லாம் ஹால் ஸ்டிக்கிலும் வரும்.

ட்ரிகரில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மெல்ல அழுத்தும்போது எண் ஏறுகிறதா, தாவுகிறதா. சில மலிவுக் கன்ட்ரோலர்களில் ட்ரிகர் விளக்கு சுவிட்ச் மாதிரி, ஒன்று 0, இல்லையென்றால் முழுசு. சுடுவதற்கு அது தாராளமாகப் போதும், சொல்லப்போனால் வேகமும் அதிகம். கார் கேம் ஆடுபவருக்கு அது உதவவே உதவாது. வளைவில் கால்வாசி பிரேக் என்ற ஒன்று அவருக்குக் கிடைக்காது.

டிபேட் என் மனதுக்கு நெருக்கமானது. நின்டெண்டோவில் குன்பே யோகோய் 1982-இல் கைக்கடக்கமான ஒரு கேம் கருவிக்காகக் கொண்டுவந்த அந்தக் குறுக்கு வடிவம் இன்றும் கட்டைவிரலுக்குக் கீழே அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன மேடு, அதன் மேல் குறுக்கு ஊசலாடும். ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் ஏறும், அதனால் இடதும் வலதும் சேர்ந்து அழுந்தவே முடியாது. மலிவானவற்றில் அந்த மேடு சரியான உயரத்தில் இருக்காது. சோதிக்க, வலது பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை லேசாக மேலும் கீழும் உருட்டுங்கள். திரையில் வலது மட்டும் எரிய வேண்டும். மேலோ கீழோ கூட மின்னினால் ஓடும்போது குனிவான், குனியும்போது குதிப்பான். அடுத்து கீழே தொடங்கி, சாய்வு வழியாக வலதுக்கு ஒரே இழுப்பில் உருட்டுங்கள். கீழ், கீழும் வலதும், வலது என்று மூன்று நிலையும் தெரிய வேண்டும். சாய்வு விட்டுப்போனால் சண்டை கேமில் அந்த அடி வராது. "எனக்கு அந்த மூவ் வரவே மாட்டேங்குது" என்று சொல்பவர்களிடம் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

பட்டன்களுக்கு அதிக நேரம் வேண்டாம். உள்ளே ரப்பர் கிண்ணமும் கார்பன் புள்ளியும்தான். நடுவில் அழுத்தினால் எல்லாமே வேலை செய்யும், ஓரத்தைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஸ்டிக்கை உள்ளே அழுத்தும் பட்டனையும் மறக்காதீர்கள், அழுத்தும்போது ஸ்டிக்கின் எண் பெரிதாகத் தாவக்கூடாது.

போலிங் ரேட் பற்றிப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 125 ஹெர்ட்ஸ் என்றால் கணினி 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்கிறது, 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை. சராசரியாகப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றரை மில்லி விநாடி. விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமே 16.7 மில்லி விநாடி. போட்டிகளில் ஆடுபவருக்கு இது முக்கியமாக இருக்கலாம். மற்றவர்கள் இந்த எண்ணுக்காக ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், அந்தக் காசு நல்ல ஸ்டிக்குக்குப் போகட்டும்.

அதிர்வு இரண்டு மோட்டாரில் நடக்கிறது, இடப்பக்கம் பெரிய எடை, வலப்பக்கம் சின்ன எடை. சோதனைப் பக்கத்தில் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி உறுமினால் ஒரே அளவு மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள், பெரிய குறையில்லை. அதிர்வு ஓடும்போது ஸ்டிக்கின் எண் நடுங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. நடுங்கினால் அதிர்வைக் குறைத்துவிடுங்கள்.

இனி செட்டிங்ஸ். இதில் நான் பிடிவாதமாக இருக்கும் ஒரு விஷயம், ஒரு மாற்றத்தை ஒரே இடத்தில்தான் செய்ய வேண்டும். கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர், விண்டோஸ், ஸ்டீம் (பிசி கேம் வாங்கி ஆடும் தளம்), கேம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக நாலு அடுக்கு இருக்கிறது. ஸ்டீமில் பத்து சதவீதம், கேமில் பதினைந்து சதவீதம் என்று டெட்ஸோன் வைத்தால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். பிறகு எது எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்டீமின் கன்ட்ரோலர் வசதியான ஸ்டீம் இன்புட் இயங்கும்போது அது ஒரு கற்பனை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை உருவாக்கிக் கேமுக்குக் காட்டும். சில கேம்கள் அதையும் பார்க்கும், நிஜக் கன்ட்ரோலரையும் பார்க்கும். மெனுவில் ஒருமுறை கீழே தட்டினால் இரண்டு வரி இறங்குகிறது என்றால் காரணம் இதுதான். எக்ஸ்இன்புட்டில் ஒழுங்காக வரும் கன்ட்ரோலருக்கு, அந்தக் கேமும் அதை நேராக ஆதரித்தால், ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிடுவதே என் பழக்கம். டைரக்ட்இன்புட் மட்டுமே பேசும் பழைய கன்ட்ரோலருக்கு மாறாக ஸ்டீம் இன்புட் ஒரு வரப்பிரசாதம். ஒருமுறை பட்டன்களை அடையாளம் காட்டிவிட்டால் போதும். ஸ்டீமுக்கு வெளியே உள்ள கேம்களுக்கு எக்ஸ்360சிஇ என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்யும்.

டெட்ஸோன் எவ்வளவு வைப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தாகிவிட்டது. நாலு பக்கமிருந்தும் விட்டபோது வந்த எண்களில் பெரியதை எடுங்கள், அதற்கு மேல் 0.02 கூட்டுங்கள். 0.06 வந்திருந்தால் 0.08. இடது, வலது ஸ்டிக்குக்குத் தனித்தனியாக வைக்க முடிந்தால் தனித்தனியாகவே வையுங்கள். வட்ட டெட்ஸோனா, அச்சு டெட்ஸோனா என்று கேம் கேட்டால் வட்டம்தான். அச்சு வகையில் குறி நேர்கோட்டில் ஒட்டிக்கொண்டு சாய்வாக வர மறுக்கும். ஃபர்ம்வேர் டெட்ஸோன் உள்ள கன்ட்ரோலருக்குக் கேமின் டெட்ஸோனை 0 ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் செத்த இடத்துக்கு மேல் இன்னொரு செத்த இடம். பாதியிலேயே 1.00 ஆகும் ஸ்டிக்குக்கு சென்சிடிவிட்டியைக் குறைத்து, கர்வ் செட்டிங் இருந்தால் நடுப்பகுதி மெதுவாக ஏறும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முழுதாகத் தீராது, கொஞ்சம் மூச்சு விடலாம்.

விண்டோஸின் அந்தப் பழைய சோதனைப் பெட்டியில் இருக்கும் காலிபரேட் (ஸ்டிக்கின் நடுவையும் ஓரத்தையும் மறுபடி அளந்து வைக்கும்) பட்டனைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். டைரக்ட்இன்புட் வழியாகப் படிக்கும் கேம்களுக்குத்தான் அது பொருந்தும், எக்ஸ்இன்புட் அதைக் கண்டுகொள்ளாது. இருந்த இடத்துக்குத் திரும்ப அதே பெட்டியில் ரீசெட் இருக்கிறது.

பட்டன் எழுத்துகளும் ஒருமுறை பார்க்க வேண்டியவை. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, நின்டெண்டோவில் ஏ வலது பக்கம். இரண்டு மோடும் உள்ள கன்ட்ரோலரில் அச்சடித்த எழுத்து ஒன்றாகவும் திரையில் வரும் எழுத்து வேறாகவும் இருக்கும். புதிதாக ஆடும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். மோடை மாற்றுங்கள், முடியாவிட்டால் திரையில் வரும் எழுத்தை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிப் பட்டன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கேபிளைக் கன்ட்ரோலரின் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், கழுத்து அங்கேதான் முறியும். தளர்வான வளையமாகத் தனியே சுருட்டுங்கள். வாங்கிய நாளின் எண்களைப் படம் எடுத்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை அதே நாலு பக்கச் சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். 0.03 என்பது 0.08 ஆகியிருந்தால் டெட்ஸோனை 0.10 ஆக்கிக்கொண்டு ஆடலாம். 0.2-ஐத் தாண்டினால் டெட்ஸோனால் இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை, ஸ்டிக்கையே மாற்ற வேண்டியதுதான். ஸ்டிக் மாட்யூல் தனியாகக் கிடைக்கிறது. வழக்கமான பொட்டென்ஷியோமீட்டர் மாட்யூலுக்கு அடியில் பதினாலு கால்: இரண்டு பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று மூன்றாக ஆறு, அழுத்தும் பட்டனுக்கு நாலு, பலகையில் பிடித்து நிற்க நாலு. சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்தால் மாற்றிக் கொடுத்துவிடுவார். மாற்றிக் கொண்டுவந்த அன்றும் கேமைத் திறக்கும் முன் அதே சோதனைப் பக்கத்தைத்தான் திறக்க வேண்டும்.